கணக்கில் சேராத நெஞ்சு

மன்னாரிலிருந்து சிலாவத்துறைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு மீனவர்கள். மூத்தவர் சொன்னது காதில் விழுந்ததும் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"என்ர பொய் வெளிநாடெல்லாம் போயிட்டுது எண்டு பயந்தே போனன் தம்பி."

"என்ன பொய் அண்ணை?"

"எங்கட இருதய டொக்டர் அம்மா புதுக் குளிசை ஒண்டை எங்களை மாதிரி நெஞ்சு வருத்தக்காரருக்குக் குடுத்து ஆராய்ச்சி செய்தவ எல்லோ? தவக்காலத்தில எல்லாரும் இறைச்சியைத் தொடாமல் ஒறுக்கினம், நான் அந்தக் குளிசையை ஒறுத்தனான். ஆனா அவ தந்த அட்டையில ஒவ்வொரு நாளும் போட்டதெண்டு அடையாளம் வைச்சனான். இப்ப அவவின்ர கட்டுரையைக் காட்டித்தான் வெளிநாட்டு டொக்டர்மாரும் எழுதுகினமாம். எனக்கு நித்திரையே இல்லை. இண்டைக்குப் போய்ச் சொல்லிப்போட்டன்."

"ஏசிப்போட்டாவோ?"

"அவ சிரிக்கிறா! ரத்தத்தைச் சோதிச்சபோதே பிடிபட்டிட்டுதாம். என்னைக் கணக்கில இருந்து கழிச்சுப்போட்டுத்தான் கட்டுரையே எழுதினாவாம். அப்பாடா, இப்பதான் மூச்சு வருது."

பஸ் பாலத்தைத் தாண்டியது. இளையவர் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணை, அவ திரும்ப எப்ப கிளினிக் வைக்கிறா? எனக்கும் அந்த அட்டை தந்தவ. தவக்காலம் எனக்கும் வந்ததுதானே."