பூவாயிக்கு அக்கா கெடையாது

செருப்ப கழட்ட வேணாம் தம்பி, அப்பிடியே நில்லுங்க. ரொம்ப நேரம் ஆவாது. நீங்க குடுத்துட்டுப் போன சினிமாக் கத கட்டு அந்தா டிவி மேல இருக்குது. எடுத்துகினு கெளம்ப வேண்டியதுதான்.

படிச்சனாவா? படிக்காம என்னா. எட்டாங்கிளாசு வரிக்கும் படிச்சவ நானு. இருவத்தாறு வருசம் டவுன்ஷிப்புல ஸ்கூல்ல ஆயா வேல பாத்தவ. காண்ட்ராக்ட்ல சேந்து காண்ட்ராக்ட்லயே வூட்டுக்கு வந்துட்டன், பர்மனென்ட் ஆவல, அது வேற கத. வருசா வருசம் ஆறாங்கிளாசுல செவலை போன பாதன்ற புக்க டீச்சருங்க சத்தமாப் படிப்பாங்க. நா வராண்டாவுல தொடப்பத்த கையில வெச்சிகினு நின்னு கேப்பன். ஒரு வரி தாண்டிப் படிச்சாக்கூட எனக்குத் தெரிஞ்சிடும். அதனால இந்த ஆயாவுக்கு சினிமாவப் பத்தி என்னா தெரியும்னு நெனச்சிகினு பேசாதீங்க. சினிமா தெரியாது. அந்தக் கத தெரியும்.

மேல என்னாத்தப் பாக்கறீங்க? ஷீட்டுதான். தானே புயல்ல ஓடு பூரா பறந்து போயி அப்பறம் போட்டது. அன்னிக்கி இந்தத் தெருவுல ஒருத்தனும் கேமராவோட வரல. அந்த செல்ல மொதல்ல உள்ள வைங்க. இல்ல, பையில. ஆங்.

சொல்றன். மொத பக்கத்துல இருந்தே சொல்றன். செவலைக் கன்னுக்குட்டிய நாயாக்கிட்டீங்க. ஏன்னு கேட்டா கன்னுக்குட்டி சொன்ன பேச்சு கேக்காதுன்றீங்க. கேக்காதுதான். கேக்காததாலதான அது காணாமப் போவுது, அந்தப் பொண்ணு தேடிகினு போறா. சொன்ன பேச்சு கேக்கற நாய் எதுக்குங்க தொலையப் போவுது? நாப்பது வருசமா புள்ளைங்க படிக்கற புக்கு அது. பூவாயின்னு எட்டு வயசுப் பொண்ணு, அதோட கன்னு நெலக்கரி சொரங்கத்துப் பக்கம் போயிடிச்சின்னு தேடிப் போயி, வழி தப்பி, ரெண்டு நாளு சுத்தி, கன்னோட வூட்டுக்கு வந்து சேருது. அவ்ளோதான் கத. அந்த அவ்ளோதான் உங்களுக்குப் பத்தல.

அப்பறம் அந்தப் பொண்ணு. போட்டோ பாத்தன். பம்பாய்ப் பொண்ணா? நல்லாத்தான் இருக்குது, சுத்திப் போடணும். வெயில்ல கெடந்த புள்ள தோலு அப்பிடியா இருக்கும்? மை பூசிக்குவீங்களா. அதையும் நீங்களே சொல்லிட்டீங்க, நா வேற சொல்லணுமா.

பேச்சு இருக்குது பாருங்க, அது அதுக்கு மேல. எங்கூர்ல எவன் தம்பி ஏலேன்னு கூப்புடறான்? டவுன்ஷிப்புல எல்லா ஜில்லாக்காரனும் இருக்கறான், பிளாக்குக்கு ஒரு பேச்சு, அது சரி. எங்க வடக்குத்து கிராமத்துல நடவுக்குப் போற பொம்பள எதுக்கு மதுர பேச்சு பேசறா? அந்தப் பேச்சு பேசினாத்தான் ஜனங்களுக்கு கிராமம்னு தோணுமா? அப்ப நாங்க வாயத் தொறந்தா என்னான்னு தோணும்?

இருங்க, நா முடிக்கல. அந்த சொரங்கத்து மிஷினு ஓட்டறவரு. புக்குல அவுருக்கு பேரு கூட கெடையாது. ஷிப்டு முடிச்சிட்டு வர ஆளு, டிபன் பாக்ஸத் தொறந்து பாதி சோத்த பூவாயிகிட்ட நீட்டுவாரு. அது வாங்காது, எங்கம்மா திட்டும்னு சொல்லும். அப்ப நானும் இன்னும் திங்கல, சேந்து திங்கலாம்னு மண்ணுல உக்காருவாரு. அந்த எடம் வந்தா ஆறாங்கிளாசே நகுந்து முன்னால வந்து ஒக்காந்துக்கும். ஜன்னலு வழியா நா பாத்திருக்கறன். நீங்க அவுர நாலு பேர அடிக்க வெச்சிருக்கீங்க. அடிச்சிட்டு சோறு போடறாரு.

கையெழுத்தா. அதான பாத்தன், அதுக்குத்தான வந்தீங்க. புக்கு எழுதின சிவப்பிரகாசம் சாரு புள்ள மெட்ராஸ்ல உங்களுக்கு எழுதிக் குடுத்துட்டாருன்றீங்க. குடுத்துட்டாருன்னா எடுத்துக்கோங்க. அப்பா எழுதினது, புள்ள குடுக்கறாரு, நா யாரு கேக்கறதுக்கு. ஏங்கிட்ட எதுக்கு ஒரு பேப்பரு?

உண்மைச் சம்பவம்னு போடறதுக்கு. சரி. படத்துக் கடைசியில என்னைய இந்த வாசல்ல நிக்க வெச்சி, கண்ணு கலங்கச் சொல்லி, பூவாயியோட நெஜ அக்கா இவங்கதான்னு எழுத்துப் போடறதுக்கு. நூத்திப் பதினெட்டாம் பக்கம். கண்ணு கலங்குகிறதுன்னு நீங்களே எழுதி வெச்சிட்டீங்க. என்ன ஒரு வார்த்த கேக்கல.

உங்களுக்கு இத சொன்னது யாரு? தங்கராசுதான? டீக்கடையில ஒக்காந்துகினு ஊரு கத பூரா சொல்லுவான். நெஜத்துல அந்தப் பொண்ணு பேரு பூவாயி இல்ல, வீராயின்னு சொன்னானா? அது திரும்பி வரலன்னும் சொல்லியிருப்பான். சொரங்கம் வரிக்கும் அது போவவே இல்லன்னு சொன்னானா? பாருங்க, அது அவனுக்கே தெரியாது. போற வழியில செங்க சூளைக்கு மண்ணு வெட்டின பள்ளம் ஒண்ணு. ஐப்பசி மழ, தண்ணி ரொம்பி, பாதையோட பாதையா ஒரே மட்டமா நிக்கும். அதுலதான் போயிடிச்சி. இன்னிக்கி அந்தப் பள்ளம் இல்ல, தூத்து மன போட்டு வித்துட்டாங்க. மூணு மாடி வூடு இருக்குது அதுமேல.

சந்தோசமான முடிவுதான்றீங்க. ஆமா, உங்க படத்துலயும் திரும்பி வருது. வந்து யாரு கழுத்தக் கட்டிக்குது? அத சொல்லுங்க.

அக்கா கழுத்த.

பன்னண்டு வயசு, பாசமானவ. தங்கச்சி வர வரிக்கும் பச்சத் தண்ணி குடிக்கல. தனியா லாந்தரத் தூக்கிகினு சொரங்க ரோட்டுல பேரு சொல்லிக் கூப்பிட்டுகினு போறா. ரெண்டு பேருக்கும் ஊஞ்சல்ல ஒரு பாட்டு. முப்பத்தோரு எடத்துல அந்த அக்கா வரா, எண்ணிட்டன். புக்குல எத்தன எடத்துல வரான்னு உங்களுக்குத் தெரியுமா? ஒரு எடத்துலயும் இல்ல. பூவாயிக்கு அக்கா கெடையாது தம்பி. தண்ணிக்குப் போற எடத்துல இல்ல, பாயில படுக்கற எடத்துல இல்ல. அம்மா இருக்குது, அப்பா இருக்குறாரு, கன்னுக்குட்டி இருக்குது. பக்கத்து வூட்டு ஆட்டக்கூட சாரு எழுதினாரு. என்னத்தான் எழுதல.

பிரிச்சிப் பாருங்க அந்தக் கட்ட. ஆமா, நாந்தான். அந்த அக்கா வர எடமெல்லாம் பேனாவால அடிச்சிட்டன். கம்ப்யூட்டர்ல இருக்குதுன்னா இருக்கட்டும், என் கையால அடிச்சது இந்தக் காயிதத்துல இருக்குது. கோவம் வருதா? வரட்டும். நீங்க ஒரு வருசம் ஒக்காந்து எழுதினீங்க. நா நாப்பத்தஞ்சி வருசமா படிக்கறன்.

சாரு மறந்துட்டாருன்னா நெனைக்கறீங்க? மறக்கறதுக்கு என்னா. ஒரே ஸ்கூலுக்குத்தான் நானும் வீராயியும் நடந்து போவோம். அவுரு தெக்கத்தி ஆளு, அப்ப குவாட்டர்ஸ்ல தனிக்கட்டையா இருந்தாரு, எனக்கு கணக்கு எடுத்தவரு. வீராயி போயி பதினோரு நாளு நா யார்கிட்டயும் வாயத் தொறக்கல. வூட்ல பயந்துபுட்டான்னு மந்திரிச்சாங்க. பன்னண்டாம் நாளு ஸ்கூலுக்கு அனுப்பினாங்க. சாயங்காலம் எல்லாரும் போனப்பறம் சார்கிட்ட போயி நின்னன். ஒரே ஒரு ஆளுகிட்டதான் சொன்னன் நானு, அவுர்கிட்ட. திட்டுவாருன்னு பாத்தன், திட்டல. பரவால்ல போன்னும் சொல்லல. என் நோட்ட வாங்கி, தப்பாப் போட்டிருந்த கணக்க சரியாப் போட்டுக் குடுத்தாரு.

ரெண்டு வருசம் கழிச்சி புக்கு வந்துச்சி. மொத புக்க ஏங்கிட்டதான் குடுத்தாரு. ஒரே மூச்சுல படிச்சிட்டு, மறுநாளு போயி கேட்டன், நா எங்க சார்னு. அவுரு சொன்னாரு, உன்ன அதுல வெச்சா ஒண்ணு நான் பொய் எழுதணும், இல்ல நெஜத்த எழுதணும், ரெண்டுக்கும் எனக்கு மனசு வரலம்மான்னாரு. அது எனக்குப் பண்ண நல்லதா, இல்ல குடுத்த தண்டனையான்னு இன்னிக்கி வரிக்கும் எனக்கு வெளங்கல. எங்கம்மாவுக்கு எழுத்து தெரியாது. எத்தனையோ வாட்டி அத ஏங்கிட்டயே குடுத்து படின்னு சொல்லும். கடைசிப் பக்கம் வந்தா, பாத்தியா எம்புள்ள வந்துட்டான்னு சிரிக்கும். நா படிப்பன். நா இல்லாத வூட்டுக்குள்ள அது திரும்பி வந்து அம்மாவக் கட்டிக்கும். நாந்தான் தம்பி வாய்விட்டுப் படிச்சன், எங்கம்மா போற வரிக்கும்.

அதனால ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. அந்த அக்காவ எடுத்துடுங்க, நாயி இருந்துட்டுப் போவுது, அடிதடி இருந்துட்டுப் போவுது, நா கையெழுத்துப் போடறன். இல்ல, அக்கா இருந்தே ஆவணும்னா உள்ளத உள்ளபடி எடுங்க. எம்மேல கல்ல எறிஞ்சா எறியட்டும், ஊரே பாக்கட்டும். பாசமான அக்கான்னு மட்டும் எடுக்காதீங்க. அந்த லாந்தர ஏங் கையில குடுக்காதீங்க. எடுத்தா தேட்டர் வாசல்ல வந்து நிப்பன், சொல்லிட்டன்.

உள்ளது என்னான்னு கேக்கறீங்க. கேக்காம போவ மாட்டீங்க, தெரியும். செருப்ப வேணும்னா கழட்டிக்கோங்க.

தீபாவளிக்கு மறுநாளு. சினிமா டெண்டு கொட்டாயில மதியான ஆட்டமும் போட்டிருந்தான். பொற்கொடி வூட்டுப் பொண்ணுங்கெல்லாம் கெளம்பிட்டாங்க, என்னையும் கூப்பிட்டாங்க. எங்கம்மா களையெடுக்கப் போவும்போது, தங்கச்சிய உட்டுட்டு எங்கயும் போவாதன்னு சொல்லிட்டுப் போச்சி. அத இட்டுகினு போனா பாதிப் படத்துல தூக்கம் வருதுன்னு அழும், வூட்டுக்குப் போலாம்னு அழும். போன வாட்டி அப்பிடித்தான் பண்ணிச்சி, எனக்கு முடிவே தெரியாது. அதனால சொன்னன். வீராயி, செவலை கயித்த அறுத்துகினு சொரங்க ரோட்டுல ஓடுது, அம்மா வரத்துக்குள்ள போயி புடிச்சிகினு வா, இல்லன்னா ஒன்னத்தான் அடிக்கும்னு. கன்னு மேல உசுரு அதுக்கு. பாவாடையத் தூக்கிச் சொருவிகினு ஓடிச்சி.

கன்னு எங்கயும் போவல தம்பி. பன்னீர்செல்வம் வூட்டு வக்கப்போருக்குப் பின்னால நாந்தான் கட்டி வெச்சிருந்தன். படம் பூராவும் பாத்தன். நல்ல படம். முடிஞ்சி வந்து அவுத்து வுட்டன், பாவம் பசிக்குமேன்னு. அது நேரா வூட்டுக்கு ஓடி தாய்க்கிட்ட முட்டி முட்டிக் குடிச்சிச்சி. புள்ளையக் காணோம்னு தெருவே வாசல்ல நிக்குது. எங்கம்மா அதப் பாத்துட்டு, அப்பாடா, கன்னு வந்துடிச்சி, பின்னாலயே புள்ள வந்துகினு இருக்கும்னு சொல்லி, உள்ள போயி வீராயிக்கு சோறு போட்டு மூடி வெச்சிச்சி.