இரண்டு தேவசாயம்

எனக்குக் குளிர்ந்த தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, துபாஷி ஐயா. கால் நனைந்தாலே மூக்கடைத்துவிடும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தை மாதத்து ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் அவ்வளவு நேரம் நின்றவன் ஆசைப்பட்டு நின்றிருக்க மாட்டான் என்று நீதவான் துரைக்கு அதிலிருந்தே விளங்கும். நான் சொல்வதையெல்லாம் நீங்கள் இங்கிலீஷில் சொல்லிவிடுவீர்கள். ஒரே ஒரு சொல்தான் உங்களைத் திணறடிக்கும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் தேவசகாயம். ஹாலிஎலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் மிஷன் உபதேசியார். கூலிகள் குடியிருக்கும் லயத்து ஜனங்களின் வாயில் முழுப் பெயர் நுழையாது. 'தேவசாயம் ஐயா' என்பார்கள். வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கங்காணியானாலும் கூலியானாலும் மனுஷன் தேவசாயலாகப் படைக்கப்பட்டவன் என்று பிரசங்கம் செய்தேன். ஜனங்கள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்கள். ஜெபக்கூடத்தை விட்டு வெளியே வந்ததும், கொழுந்து பறிக்கிற நேசராணி தன் கைக்குழந்தையை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"மூக்கு ஒங்க மூக்குதாங்க ஐயா. காதுதான் கொஞ்சம் பெரிசாப் போச்சு."

பக்கத்தில் அவள் புருஷன் நின்று சந்தோஷமாகத் தலையாட்டினான். நான் இரண்டடி பின்வாங்கினேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. நான் சொன்ன சாயல் அவர்கள் காதில் சாயம் என்று விழுந்திருக்கிறது. கடவுள் மனுஷரையெல்லாம் இந்தத் தேவசாயத்தைப் பார்த்துத்தான் படைத்தார் என்று நானே நின்று சொன்னதாக நினைத்துவிட்டார்கள்.

திருத்தத்தான் வாயெடுத்தேன். ஆனால் அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பெற்ற தாய்கூட என்னை லட்சணமானவன் என்று சொன்னதில்லை. சின்னஞ்சிறியவர்களின் விசுவாசத்தைக் கலைப்பது பாவம் என்று விட்டுவிட்டேன்.

நான்கு வருஷம் அப்படியே ஓடியது. பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது நான் போய் நின்றால் முண்டாசை அவிழ்ப்பார்கள். கங்காணி பிரம்பை ஓங்கினால், "தேவசாயத்த அடிக்காதீங்க" என்று முகத்தை மறைத்துக்கொள்வார்கள், அவனும் கொஞ்சம் யோசிப்பான். பிறந்த பிள்ளைகளையெல்லாம் கொண்டுவந்து காட்டுவார்கள். 'இது பாதி, இது முக்கால்' என்று நானும் மதிப்புப் போடுவேன். அதைவிடச் சந்தோஷமான காலம் எனக்கு வாய்த்ததில்லை.

அப்புறம் பூனாகலையிலிருந்து முத்தையா வந்தான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அச்சு அசல் நான்தான். அதே மூக்கு, அதே நெற்றி, இடது புருவத்தில் அதே சுழி. விசாரித்துப் பார்த்தேன், எங்களுக்குள் உறவு கிடையாது. என்னிடம் கோணலாக இருந்ததெல்லாம் அவனிடம் நேராக இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். உயரமும் ஒரு சாண் கூட.

ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவனிடம் ஓடினார்கள். நேசராணியை மறித்து, என்ன சங்கதி என்று கேட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. நீங்க பேர்லதான் தேவசாயம். அவரு மொகத்துலயே தேவசாயம்."

விழுந்து விழுந்து சிரித்தேன். நல்ல பேச்சுதானே. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முத்தையாமேல் எனக்குப் பகை கிடையாது. முதலில் லேசான வழிகளைத்தான் பார்த்தேன். மீசையை எடுக்கச் சொன்னேன், எடுத்தான். இன்னும் அழகாகிவிட்டான். மொட்டையடிக்கச் சொன்னேன். "ஐயா சொன்னாச் சரிதாங்க" என்று அடித்துக்கொண்டான். அவனைப் பார்த்து லயத்தில் பாதி ஆண்கள் மொட்டையடித்துக்கொண்டார்கள். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

பிறகு ஒருநாள் அவனே வந்தான்.

"முழுக்கு எடுத்து வேதத்துல சேரணுங்க ஐயா. ஒங்க பேரையே எனக்கு வையுங்க. எல்லாரும் அதான் சொல்றாங்க."

அவன் கண்ணில் கபடமே இல்லை. அப்போதுதான் விக்கிரகம் கூடாது என்கிற கட்டளை எனக்கு ஞாபகம் வந்தது. ஜனங்கள் ஓர் உருவத்தின் முன்னால் முண்டாசை அவிழ்க்கிறார்கள். அந்த உருவம் கல்லாக இருந்தால் என்ன, கவ்வாத்துக்காரனாக இருந்தால் என்ன? அதை அகற்றுவது உபதேசியாரின் கடமை. அதே உருவத்தை நானும் நான்கு வருஷம் வைத்திருந்தேனே என்று நீங்கள் கேட்கலாம். நான் அசல், ஐயா. அசலுக்கு அந்தக் கட்டளை பொருந்தாது.

ஓடையை மறித்துக் கட்டிய மடுவில் ஞானஸ்நான முழுக்கு நடந்தது. தோட்டமே கரையில் நின்று பாடியது, வெயிலும் நல்ல வெயில். நான் தூக்கிவிடும்வரை எழும்பக்கூடாது, நடுவில் எழும்பினால் முழுக்குச் சேராது என்று அவனிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். புதுப் பெயரைச் சொல்லி அமிழ்த்தவேண்டும். அந்தப் பெயர் என் வாயில் வரவில்லை. சும்மாவே அமிழ்த்தினேன்.

பரமண்டல ஜெபத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பாதியில் அவன் என் மணிக்கட்டை மெதுவாகத் தட்டினான். பொறு என்று நானும் அவன் தோளில் தட்டினேன். பொறுத்தான். சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. பிறகுதான் கொஞ்சம் உதைத்தான், நான் முழங்காலை அவன் நெஞ்சில் ஊன்றிக்கொண்டேன்.

கரையிலிருந்து நேசராணி கத்தினாள். "போதுங்க ஐயா, தேவசாயத்தத் தூக்குங்க."

என் பெயரைச் சொல்லி அவனைக் கேட்கிறாள். நான் ஆமென் சொல்லிவிட்டு ஜெபத்தை முதலிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

கை நழுவிவிட்டது என்று எனக்கு மேலே இருக்கும் மிஷன் துரை என்னைக் காப்பாற்றச் சொல்வார். நல்ல மனுஷர், நம்பாதீர்கள். நான்தான் கொன்றேன். ஆட்கள் மடுவில் குதித்து என்னைப் பிடித்து இழுத்து, அவனைக் கரையில் கிடத்தினார்கள். முகம் நீலம் பாரித்து, வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. இப்போது யார் மாதிரி இருக்கிறான் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். எனக்கிருந்த ஆனந்தத்தில் குளிரே தெரியவில்லை. இதோ, மூக்குகூட அடைக்கவில்லை பாருங்கள்.

அந்தச் சொல்லுக்காக நீங்கள் இனிச் சிரமப்பட வேண்டாம், ஐயா. என் பெயரைத் தேவசாயம் என்று எழுதினாலும் சரி, தேவசாயல் என்று எழுதினாலும் சரி. இரண்டுக்கும் இனி நான் ஒருவன்தான்.