தாய்மாமன் காரும் கழலாத கனெக்டரும்

...இல்லீங் தம்பி, நீங்களே சொல்லுங்க! காரு செய்யறவனுக்கு இத்தன கூடவா அறிவிருக்காது? பியூசுங்கறது என்னுங்க? போறது. போறத எங்க வெக்கோணும்? கைக்கு எட்டற எடத்துல வெக்கோணும். இவனுங்க எங்க வெச்சிருக்கறானுங்க பாருங்க, ஸ்டேரிங்குக்குக் கீழ, பொந்துக்குள்ள! அதும் சும்மாவா? முன்னால ரெண்டு கனெக்டர வெச்சு அடச்சுட்டானுங்க. அது ரெண்டையும் கழட்டுனாத்தான் பியூசு கண்ணுக்கே தெரியும். கழண்டாத்தானே? கெரகம்!

அந்த செல்லு லைட்ட சித்தெ இக்கட்ட புடிங்க. என்ற மூஞ்சிக்கு இல்லீங்க, உள்ளுக்கு. ஆங்... அப்பிடித்தான்.

நடுரோட்டுல டெம்போவ நிறுத்தி எறங்கி வந்தீங்க பாருங்க, மகராசனா இருப்பீங்க. பேரென்ன சொன்னீங்க, தவசிங்களா? ராமநாதபுரத்துப் பக்கமா? பேச்சுலயே தெரிஞ்சுதுங்க. இத்தனைக்கும் நாந்தான் உங்களைப் பேசவே உடல.

எனக்கு ஊரு மண்ணரைங்க. சாமியப்பன்னு கேட்டுப் பாருங்க. பனியன் கம்பெனியில கைமடியாச் சேந்து, துணி மடிச்சு மடிச்சே வெரலு மரத்துப் போயி, இன்னைக்கி சொந்தமா பட்டறை போட்டிருக்கறனுங்க. என்னைய எவனும் ஏமாத்த முடியாது. பின்னால உக்காந்திருக்கறது என்ற ஊட்டுக்காரி. மடியில சீர்த்தட்டு. வண்டி ஓடும்போது அப்பப்ப மொறச்சா. நின்னதுல இருந்து நிறுத்தாம மொறைக்கறா.

இன்னைக்கி கணியூர்ல என்ற தங்கச்சி மக யாழினிக்குக் காதுகுத்துங்க. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே குத்தோணும்? புள்ளை அங்க இருக்குது, ஆசாரி ஊசியோட உக்காந்திருக்கறாரு, மடி இங்க காருக்குள்ள மடங்கிக் கெடக்குது! ராகுகாலம் பொறக்கறதுக்குள்ள போயாகோணும்...

லாக்க அமுக்கீட்டு இழுக்கோணுமா? அமுக்கியும் பாத்தாச்சுங்க, அமுக்காமயும் பாத்தாச்சு, திட்டியும் பாத்தாச்சு. ஒயரப் புடிச்சு இழுக்கப்படாதா? அத நான் இழுக்கலீங்க, என்ற கோவம் இழுக்குது. நூல் பிசிறு வெட்டற ட்ரிம்மரு இருந்துச்சு, அத உட்டு நெம்புனேன். ட்ரிம்மரு மூக்கு ஒடஞ்சுது. கனெக்டரு கல்லாட்ட இருக்குது!

பஸ்ஸுல போயிருக்கலாமேன்னு கேக்கறீங்களா? இவளும் அதயேதான் கேட்டா. தம்பி, எங்க மாப்ளைக்கு, அதாங்க தங்கச்சி ஊட்டுக்காரருக்கு, ஒரு அண்ணன், சுப்பையன்னு பேரு. தங்கச்சி கல்யாணத்துல, ஒறம்பரை சனம் பூரா இருக்கறப்ப, சத்தமாக் கேட்டாருங்க, "பொண்ணு ஊட்டுச் சீரு எந்த பஸ்ஸுல வருது?"ன்னு. ஊரே சிரிச்சுது. அன்னைக்கி நெனச்சேன், அந்த மனுசன் கண்ணு முன்னால காருல போயி எறங்கோணும்னு. இப்ப போயி பஸ்ஸுல ஏறச் சொல்றீங்களே!

இந்தா, மறுக்கா போனு. தங்கச்சிதான்... ஏ கண்ணு, வந்துட்டம், வந்துட்டம், மடத்துக்குளந் தாண்டியாச்சு! ஆமா ஆமா, வெய்யி... என்னுங்க அப்பிடிப் பாக்கறீங்க? இன்னும் உடுமலையே தாண்டலைன்னு எனக்குத் தெரியாதுங்களா?

இது பூராத்துக்கும் காரணம் நல்லான்னு ஒரு எலக்ட்ரீசியனுங்க. போன மாசம் ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்குனா இந்தக் கனெக்டரு ரெண்டும் லூசாயி, வண்டி நின்னு நின்னு போச்சு. அவன் பாத்துட்டு, லாக்கு தேஞ்சிருக்குது, மாத்தோணும்னான். ஒரு வெல சொன்னான். நான் பாதி சொன்னேன். சிரிச்சான். பாதீல பாதி சொன்னேன். ஸ்பேனரத் தூக்கீட்டுப் போயிட்டான்! பேரம் ருசியா ஆரம்பிக்கறப்ப எந்திரிச்சுப் போறவனெல்லாம் ஒரு மனுசனுங்களா?

அப்பறம் யாரு சரி பண்ணுனதா? அது... யாரோ பண்ணுனாங்க. அத உடுங்க.

ஏனுங்க, நீங்க எதுக்குக் கைய உள்ள உடறீங்க? அட, நான் பாத்துக்கறனுங்க... என்னத்த மோந்து பாக்கறீங்க? வெள்ளையா, பால் ஏடாட்ட இருக்குதா? கம்பெனிக்காரனே வெச்சிருப்பான். இல்லாட்டி எலி ஏதாச்சும்... என்னது? டெம்போ ஓட்டறதுக்கு முன்னால துணி பிரிண்டிங் பட்டறையிலயா இருந்தீங்க? டேபிள்லயே நின்னீங்களா?

செரி. போச்சு.

மெதுவாப் பேசுங்க, இவ காதுல உழுகப்படாது. ஆமாங்க, டேபிள் கம்முதான். பனியன்ல படம் அடிக்கறப்ப துணி நகரப்படாதுன்னு டேபிள்ல பூசுவமே, அதேதான். கூட்டாளி பட்டறையில ஒரு டப்பா வாங்கியாந்து நானே பூசுனேன். அத்தாம் பெரிய ஸ்கிரீன வெச்சு மாத்தி மாத்தி மை இழுத்தாலும் அசையாத துணி... கனெக்டரு மட்டும் அசஞ்சுருமான்னு ஒரு ரோசனை. ரெண்டு கோட்டிங் அடிச்சேன். காரு சூட்டுல வெந்து எறுகிப் போச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, நல்லான் பண்ணியிருந்தா இந்நேரம் கழண்டிருக்கும். நான் பண்ணுனது, பாருங்க, எப்பிடி நிக்குது!

சிரிக்காதீங்க.

பியூசு எதுக்குப் போச்சுன்னா கேக்கறீங்க? உடவே மாட்டீங்களா... ஹாரனுங்க. ஏழு சத்தம் வர்றது. நேத்துத்தான் மாட்டுனேன். ஆமா, அதும் நானேதான். சுப்பையன் ஊட்டு வாசல்ல ஒரு அடி அடிச்சா அவரு காதுல கை வெக்கோணும்னு, இதே ஒயர்ல முடிஞ்சு உட்டேன். சித்த முன்னால ஒரு லாரிக்கு அடிச்சுப் பாத்தேன். லாரி ஒதுங்கிப் போயிருச்சு. நாங்க நின்னுட்டம்.

ஏ புள்ளே! எங்க போறே? சீர்த்தட்டோட எங்க... தம்பி, அவ உங்க டெம்போவுல ஏறீட்டாளுங்க! முன்னால இன்னொருத்தருக்கு எடமிருக்குதுங்களா? இல்லையா? அப்ப நானு? பின்னால? கட் பீஸ் மூட்டை மேலயா? தாய்மாமனுங்க நானு! நீங்க மடத்துக்குளத்துக்குத் தையலுக்குக் கொண்டு போற மூட்டை மேல குந்தீட்டு நான் சபைக்குப் போறதா? நடக்காதுங்க. இந்தக் காரு கெளம்பாம நான் இங்கிருந்து...

இருங்க, போனு. ஏ கண்ணு, இதா வந்துட்ட... என்னது? புள்ளை அழுவுதா? மாமன் வந்தாத்தான் காது காட்டுவேங்குதா? செரி செரி, அழுவ வேண்டாம்னு சொல்லு... அப்பறம்? யாரு? சுப்பையனா? மாமன் வர்ற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கோணும், என்ற மடியில உக்கார வெய்யுங்கன்னு சொன்னாரா? சம்மணங் கூட்டி உக்காந்துட்டாரா?

தம்பி, எடுங்க வண்டிய! நெம்புனதுல பேந்த கம்மு வேட்டியில ஒட்டியிருக்குதா? கெடக்குது, இழுங்க. கிழிஞ்சாலுங் கிழியட்டும், மடி இருந்தாப் போதும். கைய குடுங்க... ஏத்தி உடுங்க... ஹப்பா, மெத்தையாட்டத்தான் இருக்குது.

ஊருக்கு முன்னாலயே எறக்கி உட்ருங்க, நடந்து போயிக்கறேன். இல்ல... வேண்டாம். வாசலுக்கே உடுங்க. சீரு எச்சாயிருச்சு, காருல அடங்கல, டெம்போ புடிச்சு வந்தம்னு நான் சொல்லிக்கறேன். இந்த மூட்டை பூரா மாமன் சீருதான். நீங்க எதும் பேசப்படாது. இத்தன நேரம் எப்பிடி இருந்தீங்களோ, அப்பிடியே இருங்க.

அப்பறம் தம்பி... உங்க வண்டி ஹாரன் நல்லாச் சத்தமா அடிக்குமுங்களா?