பைலட் வராத ஆகாச ஹார்பர்

…வைரஸோ என்ன எழவோ, எனக்குத் தெரியாது பத்மஸ்ரீ! நீ கம்ப்யூட்டர் கட வச்சிருக்க, நீதான் எடுக்கணும். நாலு மணி பஸ்ஸுல எம்மவ ஷெர்லின் நாசரேத்துல இருந்து வாரா. அதுக்குள்ள அந்தக் கப்பல் திரும்ப வேணும்!

…எந்தக் கப்பலா? இந்த லேப்டாப்புக்குள்ள இருந்ததும்மா! ஆகாசக் கப்பல். ஒரு கிரகத்துல சரக்க வாங்கி இன்னொரு கிரகத்துல விக்கணும், வழியில கொள்ளக்காரன் வந்தா சுடணும். பழைய கேமு, முடிவே கிடையாதாம். லீவு பூரா ஓட்டி, நாலு பக்கமும் துப்பாக்கி மாட்டி வச்சிருந்தா. போகும்போதே சொன்னா, "எப்பா, கைய வச்சிராதீங்க"ன்னு.

வச்சேன்.

நான் என்ன சும்மா ஆளா? நம்ம ஹார்பர்ல இருவத்திரெண்டு வருசமா டக் போட் ஓட்டுதேன். ஒரு தெரு நீளத்துக்கு வார கப்பலயெல்லாம் முட்டித் தள்ளி பெர்த்துல சேக்கேன். இந்த விரக்கட நீளக் கப்பல் எம்மாத்திரம்னு நெனச்சேன்… புத்தி!

சரக்கு எறக்க கப்பல் போய் நிக்குத ஆகாச ஸ்டேஷன் அங்கன பம்பரமா சுத்துது. நடுவுல ஒரு வாசல். நான் வெளியவே நிப்பாட்டிட்டேன். …ஏனா? நல்லா கேட்ட! பைலட் வரணும்லா? வழிகாட்ட ஹார்பர் பைலட் ஏறாம எந்தக் கப்பலு உள்ள வந்திருக்கு? அவன் வரக் காணும். சரி, ஹாரன் அடிப்போம்னு இந்த நீளப் பட்டன ரெண்டு தடவ அமுக்கினேன். ஒடனே மூணு பேரு வாரானுவ! "ஏ ஜீவமணி, மூணு பைலட் அனுப்பிருக்கான், மரியாதயப் பாத்தியா!"ன்னு வீட்டுக்காரியக் கூப்பிட்டுக் காட்டுதேன்… சுடுதானுவ!

…என்னது? அது ஹாரன் இல்லயா? ஸ்டேஷனயா சுட்டேன்? அப்ப வந்தவனுவ… போலீஸா!

சரி விடு. நான் மட்டும் எப்படியோ லைஃப் போட்ல தப்பிச்சி வந்துட்டேன். கப்பலு போச்சி. …பழைய சேவா? அதுவும்… வந்து… விபத்துன்னா ஒடனே லாக் புக்குல எழுதணும்லா? அதான் சேவ் பண்ணேன். பழசு அழிஞ்சிரும், பரவால்லயான்னு கேட்டுச்சி. யெஸ் அமுக்கினேன். இருவத்திரெண்டு வருசத்துல நான் லாக்க ஒழுங்கா எழுதின ஒரே நாளு அதாம்மா!

ஏன் லேப்டாப்ப மூடுத? அப்ப வராதா?

ஐயோ, போன்ல ஷெர்லின்தான் கூப்பிடுதா. நீ எடும்மா… எங்க எந்திச்சிப் போற? பத்மஸ்ரீ!

…ஆங், மக்கா, ஏறிட்டியா? மொதல்ல ஒரு சீட்ல உக்காரு. அப்பாவ… போலீஸ் சுட்டுட்டு.

அழாத, அழாத! எனக்கு ஒண்ணும் ஆகல. கப்பலுக்குத்தான்.

…ஏளா, அப்பாவுக்கு அழுததவிட கப்பலுக்குல்லா ஓங்கி அழுத!