பன்னிரண்டு பேருக்கு ஒரே பாவப் பட்டியல்

விழாவுக்குத் தலைமை ஏற்று, தலைக்கு மேல் தொங்கும் மின்விசிறி சுழலாவிட்டாலும் புன்னகை குறையாமல் வீற்றிருக்கும் எங்கள் பங்குத்தந்தை அவர்களே! ஒற்றைப் பார்வையில் ஒரு வகுப்பையே உட்கார வைக்கும் ஆற்றல் பெற்ற, எங்கள் பள்ளியின் தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களே! எட்டாம் வாய்ப்பாட்டையும் பத்துக் கட்டளைகளையும் ஒரே மூச்சில் ஊட்டும் ஆசிரியப் பெருமக்களே! காலையில் பாடிய பாட்டின் கடைசி அடியை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும் பாடகர் குழுவின் பைங்கிளிகளே! முன்வரிசையில் முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! இன்று புதுநன்மையாக முதல் நற்கருணை வாங்கி, வெள்ளுடை தரித்து, அந்த வெள்ளுடையில் ஆரஞ்சு ஜூஸைக் கொட்டிக்கொண்டிருக்கும் வெண்புறாக்களே! அவர்களைப் பெற்று வளர்த்து, விடியற்காலை ஐந்து மணிக்கே பிடித்து உட்கார வைத்துத் தலைசீவிய தாய்மார்களே! பக்கத்தில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று மட்டும் சொன்ன தகப்பன்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பள்ளியின் வேன் ஓட்டுநராகிய அடியேனின் பணிவான வணக்கம்!

கேட்கிறதா? பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கிறதா? கேட்கவில்லை என்று தலையாட்டுகிறீர்களே, கேட்காமலா ஆட்டினீர்கள்?

பெற்றோர் சார்பில் இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். இரண்டு நிமிடத்தில் என் வேனே கிளம்பாது, நான் எப்படிக் கிளம்புவேன்? ஆனாலும் சிஸ்டர் நேற்று ஒரு நிபந்தனை போட்டார். "பேசுறதுன்னா நடந்ததை அப்படியே பேசுங்க. பூசி மெழுகாதீங்க" என்றார். ஆகவே, அன்பர்களே, நடந்ததைச் சொல்கிறேன். நடுவில் யாரும் எழுந்து போகாதீர்கள். உங்கள் பிள்ளையும் இதில் இருக்கிறது!

புதுநன்மைக்கு முன்னால் பிள்ளைகள் முதன்முதலாகப் பங்குச் சாமியிடம் தனியே பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். அது போன வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு என்று நாள் குறித்தார்கள். "ஆத்தும சோதனை செய்து, செய்த பாவங்களை ஞாபகத்துக்கு ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள், பிறகு கிழித்துவிடுங்கள்" என்று மறைக்கல்வி ஆசிரியை அழகாகச் சொல்லிக்கொடுத்தார். வேறு பள்ளிப் பிள்ளையாக இருந்தால் வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கும். என் வேன் பிள்ளைகள் வீட்டில் எதைத்தான் எழுதியிருக்கிறார்கள்? கணக்கா, கட்டுரையா, வரைபடமா, எல்லாமே காலையில் வேனுக்குள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவதுதான் வழக்கம். பின்சீட்டில் ஒருவர் எழுதினால் முன்சீட்டு வரைக்கும் அதே விடை, அதே தவறு, அதே அடித்தல் திருத்தல்!

வெள்ளிக்கிழமை காலை. பன்னிரண்டு பிள்ளைகள். அதில் என் மகளும் ஒருத்தி. அவளை நாங்கள் வானொலி என்போம், காலையில் திறந்தால் இரவுதான் மூடும். அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சிறுமி உட்காருவாள். நிமிர்ந்தே இருப்பாள், பேசமாட்டாள், ஒன்றுமில்லாததற்கெல்லாம் உருகுவாள். அதனால் அவளுக்கு மெழுகுவத்தி என்று பெயர். அன்றைக்கு அந்த மெழுகுவத்தி தேம்பித் தேம்பி அழுகிறாள்.

"ஏன்டி அழற?" என்று கேட்டாள் என் மகள்.

"எங்கிட்ட ஒரு பாவமும் இல்ல. ராத்திரி பூரா யோசிச்சுப் பார்த்துட்டேன். உள்ள போய் சாமிகிட்ட என்னன்னு சொல்றது?"

சபையோரே! பணம் இல்லை என்று அழுதவரைப் பார்த்திருக்கிறோம். பாவம் இல்லை என்று அழுத பிள்ளையைப் பார்த்ததுண்டா?

என் மகள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அழாத. எங்கிட்ட நிறைய இருக்கு. ஒண்ணு தரேன், எழுதிக்கோ" என்றாள்.

ஒன்று கொடுத்தாள். அடுத்த சீட்டுக்காரன், "எனக்கு?" என்றான். அவனுக்கும் கொடுத்தாள். அவ்வளவுதான், வேன் முழுவதும் கை நீண்டது! கடைசியில் ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதிச் சுற்றுக்கு விட்டாள். பதினொரு பேரும் பார்த்து எழுதினார்கள். தாளின் அடியில் அவள் ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள். "எல்லாரும் இதே வரிசையில் சொல்லாதீர்கள். மாற்றி மாற்றிச் சொல்லவும்."

எத்தனை முன்யோசனை! ஆனால் என்ன பயன்? பிள்ளைகள் அந்தக் குறிப்பையும் சேர்த்தே பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

மாலை மூன்று மணி. ஆலயத்தில் மரக்கூண்டுக்குள் சாமி அமர்ந்தார். ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே போனது. உள்ளே என்ன நடந்தது? எனக்குத் தெரியாது. சாமி சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார், சொல்லக்கூடாது என்பது திருச்சபையின் சட்டம். நாங்கள் வெளியிலிருந்து கண்டது ஒன்றுதான். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு திரைக்குப் பின்னால் சாமியின் தோள் குலுங்கியது. ஆறாவது பிள்ளைக்குக் கூண்டே குலுங்கியது. பாலகரின் பாவங்களுக்காகச் சாமி அழுகிறார் என்று நினைத்துப் பாடகர் குழுத் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்!

சாமி, நீங்கள் இப்போது குனிந்து செருப்பைப் பார்ப்பதை நான் பார்க்கவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் மூலத்தாளைக் கிழிக்க மறந்து பெஞ்சிலேயே விட்டுவிட்டார்கள். அது யார் கையில் கிடைத்தது? வேறு யார் கையில் கிடைக்கும்! ஐந்து மணிக்கு எனக்கும் என் மகளுக்கும் தலைமையாசிரியை அறையிலிருந்து அழைப்பு.

மேசையில் அந்தத் தாள். சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஒன்று, டீச்சரின் சாக்பீசை நனைத்து வைத்தேன். இரண்டு, தம்பிக்கு இருட்டில் பேய்க்கதை சொல்லிவிட்டு நான் மட்டும் அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டேன். மூன்று, ஞாயிற்றுக்கிழமை சாமி பிரசங்கம் செய்யும்போது அப்பா தூங்குகிறார், நான் எழுப்பவில்லை.

அன்பர்களே, பன்னிரண்டு பிள்ளைகளும் இதை எழுதியிருந்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்! தகப்பன்மார்களே, அங்கே என்ன முணுமுணுப்பு? நீங்கள் தூங்கவில்லையா? நாம் அனைவரும் ஒரே தூணின் மறைவில்தானே உட்காருகிறோம்! போன ஞாயிறு வரைக்கும் பிரசங்கம் நாற்பது நிமிடம் நடந்தது. இன்று காலை பதினொரு நிமிடம். காரணம் என்ன? யாருக்கும் தெரியாது. சாமிக்குத் தொண்டை கட்டியிருக்கலாம். சாமி எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார், நாமும் கேட்கக்கூடாது.

சிஸ்டர் தொடர்ந்து வாசித்தார். நான்கு, ஐந்து எல்லாம் சில்லறைப் பாவங்கள். ஆறில் குரல் மாறியது. "பக்கத்து வீட்டுக்காரரின் ஏணியை வாங்கி மூன்று வருடமாகத் திருப்பித் தரவில்லை." என் மகளை மேலும் கீழும் பார்த்தார். அவள் உயரம் மூன்றரை அடி. ஏழாவதை மெதுவாக, மிக மெதுவாக வாசித்தார். "வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது மாதா சிலைக் கெபிக்கு முன்னால் இருந்த பூந்தொட்டியை உடைத்துவிட்டு, பழியை நாய் மேல் போட்டேன்."

வெளியே அந்த நாய் வாலாட்டிக்கொண்டு படுத்திருந்தது.

"நீ எப்பம்மா வண்டி ஓட்டின?" என்று கேட்டார் சிஸ்டர்.

பேசினால் ஓயாத என் வானொலி வாய் திறக்கவில்லை.

"இது யாரோட பாவம்?"

"சொல்ல மாட்டேன் சிஸ்டர். பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை வெளிய சொல்லக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"அது சாமியாருக்கு! உனக்கில்ல! எதுக்கு இப்படி எல்லாருக்கும் எழுதிக் குடுத்த?"

"உள்ளதைப் பகிர்ந்து குடுக்கணும்னும் நீங்கதான் சிஸ்டர் சொன்னீங்க."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அருட்சாதனம்னா உனக்கு விளையாட்டாப் போச்சா? உண்மையைச் சொல்லு. இல்லன்னா ஞாயித்துக்கிழமை உனக்குப் புதுநன்மை கிடையாது. அடுத்த வருசம் பார்த்துக்கலாம்."

என் மகளின் கண்ணில் நீர் நிறைந்தது. அவளுடைய அம்மா ஒரு மாதமாக ராத்திரியும் பகலுமாகத் தைத்த வெள்ளைக் கவுன் வீட்டில் ஆணியில் தொங்குகிறது. தினமும் அதன் முன்னால் நின்று கைகூப்பி நடந்து பழகிய பிள்ளை அவள். அவள் அழுதாள். ஆனால் சொல்லவில்லை.

சபையோரே, உங்கள் முன்னால் நான் வெட்கத்தோடு சொல்கிறேன். அந்த அறையில் அவளுக்குப் பின்னால், வேன் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒருவன் நின்றுகொண்டிருந்தான். காலையில் பிள்ளைகளுக்குப் பாவம் போதவில்லை என்றபோது, கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "என்னோடது ரெண்டு இருக்கு, எழுதிக்கோங்க" என்று தாராளமாகச் சொன்னவன் அவன்தான். தொட்டி விஷயம் தெரிந்தால் சிஸ்டர் வேன் சாவியைப் பிடுங்கிவிடுவார் என்று பயந்தான். மூன்றரை அடிப் பிள்ளை முன்னால் நிற்க, ஐந்தே முக்கால் அடி ஆள் பின்னால் ஒளிந்தான்! இந்தப் பள்ளியில் வண்டி ஓட்டுவது ஒரே ஒரு ஆள். சிஸ்டருக்கு அது தெரியாதா? சாமிக்குத் தெரியாதா? ஏன், அந்த நாய்க்குத் தெரியாதா? எல்லாருக்கும் தெரியும். அவன் வாயால் வரட்டும் என்றுதான் சிஸ்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பினால் நான் மாட்டிக்கொள்வேன் என்று அவளுக்குத் தெரியும். அந்த எண்ணெய் தடவிய பின்னந்தலையைப் பார்த்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"சிஸ்டர்! ஆறும் ஏழும் என்னுது!" என்று கத்திவிட்டேன். சாவி கீழே விழுந்தது.

சிஸ்டர் கோபப்படவில்லை. ஆற அமர ஒரு கேள்வி கேட்டார். "நீங்க கடைசியா எப்ப பாவசங்கீர்த்தனம் பண்ணீங்க?"

"கல்யாணத்துக்கு முந்தின நாள், சிஸ்டர்."

"கல்யாணம் ஆகி?"

"பத்து வருசம்."

"அப்ப நாளைக்குக் காலையில எட்டு மணிக்குப் பன்னிரண்டு பேரும் வரட்டும். பதிமூணாவது ஆளா நீங்க நில்லுங்க. யார் கையிலயும் பேப்பர் இருக்கக்கூடாது!"

ஏணிக்காரர் நான்காவது வரிசையில்தான் இருக்கிறார். ஐயா, எழுந்திருக்க வேண்டாம். நாளைக்குக் கொண்டு வந்து தருகிறேன். சிரிக்காதீர்கள், கட்டாயம் தருகிறேன்!

சனிக்கிழமை காலை. பன்னிரண்டு பேரையும் சிஸ்டர் வரிசையில் நிறுத்தினார். "நேத்து இல்லாத பாவத்தை எல்லாம் இருக்குன்னு சாமிகிட்டப் பொய் சொன்னீங்களே, அதுதான் பாவம்" என்றார். எல்லாரும் தலைகுனிந்தார்கள், ஒருத்தியைத் தவிர. மெழுகுவத்தியின் முகம் சூரியனாக மலர்ந்தது. "சிஸ்டர்! அப்படின்னா இப்ப எங்கிட்ட சொந்தமா ஒரு பாவம் இருக்கு!" என்று துள்ளிக் குதித்து வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றாள்!

பிள்ளைகளுக்குப் பத்தே நிமிடம். எனக்கு அரை மணி நேரம். பத்து வருடச் சரக்கு அல்லவா! வெளியே வந்தேன். ஆலயம் காலியாக இருக்கும் என்று நினைத்தேன். பன்னிரண்டு பேரும் போகாமல் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அங்கிள், உங்க பாவத்துக்குச் சாமி என்ன அபராதம் குடுத்தார்?" என்று கேட்டார்கள்.

"ஒரு முழு ஜெபமாலை. அம்பத்து மூணு அருள்நிறைந்த மரியே" என்றேன்.

"அம்பத்து மூணா!" என்று வாயைப் பிளந்தார்கள். உடனே தலையோடு தலை சேர்ந்தது. விரல்கள் மடங்கின. வீட்டுப்பாடத்தில் ஒருநாளும் சொந்தமாகக் கணக்குப் போடாத பிள்ளைகள் அன்றைக்குச் சொந்தமாகப் போட்டார்கள்! என் மகள் எழுந்து அறிவித்தாள். "அப்பா, ஆளுக்கு நாலு நாங்க சொல்லிடறோம். மிச்சம் அஞ்சு. அதை மட்டும் நீ சொல்லு போதும்."

சொன்னால் நம்புவீர்களா? நான் பதில் சொல்வதற்குள் பன்னிரண்டும் முழங்காலில்!

பெரியோர்களே! தாய்மார்களே! பென்சிலைப் பகிர்ந்தவர்கள் உண்டு, பெஞ்சைப் பகிர்ந்தவர்கள் உண்டு, தின்பண்டத்தில் பாதியைப் பிட்டுக் கொடுத்தவர்கள் உண்டு. அடுத்தவன் சுமக்கும் அபராதத்தில் ஆளுக்கு நாலு என்று அடித்துப் பிடித்து வாங்கிக்கொண்டவர்கள் உண்டா? இவர்களுக்கா நாம் மறைக்கல்வி கற்பித்தோம்? இவர்களுக்கா நாம் அன்பைப் பற்றி வகுப்பெடுத்தோம்? இத்தனை வருடமாக இவர்களை நான் வேனில் ஏற்றி இறக்குகிறேன் என்று நினைத்திருந்தேன். நேற்றுத்தான் தெரிந்தது, இவர்கள்தான் என்னை ஏற்றிக்கொண்டு போகிறார்கள்!

அபராதத்தை இப்படிப் பங்கு போட்டால் செல்லுமா என்று நான் சாமியிடம் கேட்கவில்லை. கேட்டால் செல்லாது என்று சொல்லிவிடுவார். அதனால் அவர்கள் நடுவில் நானும் மண்டியிட்டு ஐம்பத்து மூன்றையும் நானே சொன்னேன். நடுவில் இரண்டு முறை எண்ணிக்கை தவறியது, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

ஆகவே, என் கணக்குத் தீர்ந்துவிட்டது. பிள்ளைகள் சொன்ன நாற்பத்தெட்டு மட்டும் யாருக்கும் ஒதுக்கப்படாமல் அப்படியே மிச்சம் இருக்கிறது. பத்து வருடம், இருபது வருடம் என்று அந்தக் கூண்டுப் பக்கமே போகாத தகப்பன்மார்கள் யாராவது இருந்தால், வெட்கப்படாமல் கூட்டம் முடிந்ததும் வேன் பக்கம் வாருங்கள், பங்கிட்டுத் தருகிறேன். இத்தனை நேரம் பொறுத்துக்கொண்ட சாமிக்கும், சாவியைப் பிடுங்காமல் விட்ட சிஸ்டருக்கும், சிரித்த உங்களுக்கும், சிரிக்காமல் நின்ற என் மனைவிக்கும் நன்றி கூறி, அனைவரையும் வணங்கி விடைபெறுகிறேன்!