லயத்தில் பழகிய கீழ் குரல்

றக்வான பஸ்ஸில், மடியில் தூங்கும் மகனுக்கு வளைவுகளில் வாந்தி வந்துவிடுமோ என்ற பயத்தோடு உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் இரண்டு கெம்பஸ் பிள்ளைகள்.

"எனக்குப் பாடவே வராதுன்னு எங்க தோட்டத்து லயத்து வீட்டுக்காரங்க எல்லாருமே முடிவு பண்ணிட்டாங்கடி. அதுவும் நல்லதாப் போச்சு," என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

"என்னடி நல்லது?" என்றாள் தோழி. "வெசாக் பக்திப் பாட்டுல பாதியில எங்க மேல் குரலுக்குத் தாவிட்ட. கரோல்லயும் தாவிட்ட. படிப்பு வருஷக் கடைசி கொன்சர்ட்லயும் தாவினா, பாட்டு சேர் உன்னய கெம்பஸ் பாட்டுக் குழுவ விட்டே எடுத்துருவாரு."

"கொன்சர்ட்டுக்குப் பழைய படப் பாட்டுதானே? லீவுல வீட்டுல என்னோட கீழ் குரல மட்டும் பாடிப் பழகினேன். பக்கத்துக் காம்பரா மாமி செவுத்தத் தட்டி, 'ஏன் புள்ள, மெட்டு அப்படி இல்ல'ன்னு பாடிக் காட்டுச்சு. அப்புறம் மாமாவும் சேந்துட்டாரு. கீழ் குரலுக்கு வேற மெட்டுன்னு அவங்களுக்குத் தெரியாதுல்ல? நா என்னோடதையே பாடுவேன், அவங்க விடாமத் திருத்துவாங்க. லீவு முழுக்க இதே கூத்து."

"நீ விளக்கிச் சொல்லலயா?"

"சொன்னா நிறுத்திருவாங்களே! அப்புறம் யாரு மேல் குரல் பாட, நா தாவாம நிக்கப் பழகுறது?"

"சரி, இப்பப் பாடு பாப்போம். நா மேல போறேன்."

இருவரும் மெதுவாகப் பாடத் தொடங்கினார்கள். மகன் விழித்துக்கொள்வானோ என்று கவலைப்பட்டேன். அவர்கள் நிறுத்திவிடுவார்களோ என்றும்தான். சரணத்தில் ஒரு குரல் தடுமாறி மற்றதோடு ஒட்டிக்கொண்டது.

"அடிப்பாவி," என்றாள் தோழி, "என்னயவே கீழ இழுத்துட்டியேடி!"