ஏழாம் ரீல் அஸருக்கு ஓடியது

அஸர் தொழுகைக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கிறது. பாங்கு சொல்வதற்குள் முடித்துவிடுவேன். அந்த மின்விசிறியை என் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டால் நல்லது.

பள்ளிவாசலை நடத்துகிற மரைக்காயர்மாரே, இதற்குள் இருந்துகொண்டு சொல்கிறேன்: வல்லாஹி, இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அடுத்த மாதம் ஹஜ்ஜுக்குப் போகிறேன். போகிறவன் ஊரில் எல்லோரிடமும் பிழை பொறுக்கக் கேட்டுவிட்டுப் போவது நமது வழக்கம். நானும் வீடு வீடாகப் போனேன். "நீங்க என்ன பிழை காக்கா செஞ்ச?" என்று தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டார்கள். என்ன பிழை என்று சொல்லாமல் மன்னிப்பு வாங்குவது டிக்கட் இல்லாமல் படம் பார்க்கிற மாதிரி. ஆகவே சபையில் சொல்கிறேன்.

எழுபத்தொன்பதாம் வருடம். கல்முனையில் இந்தப் பள்ளிவாசலுக்கு எதிரே இருந்த தியேட்டரில் நான்தான் ஒப்பரேட்டர். மீராமுகைதீன் என்ற என் பெயரை விட்டுவிட்டு எல்லோரும் 'மெசின் காக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். மெசின் என்னைவிடக் கிழடு. ஒரு நாளைக்கு ஒரு காட்சிதான் தாங்கும். இரண்டரை மணிக் காட்சி. பள்ளிவாசல் அந்தக் காலத்திலேயே ஒரு நிபந்தனை போட்டிருந்தது: அஸருக்குப் பாங்கு சொன்னால் படம் நிற்கவேண்டும். 'இடைவேளை' என்ற சிலைட்டைப் போட்டுவிடுவேன். சனம் வீதியைக் கடந்து போய்த் தொழுதுவிட்டு வரும். பிறகு மிச்சப் படம்.

அந்த வருடம் என் மகள் நதீராவுக்கும் கூட்டுறவுக் கடையில் வேலை செய்த ஜவுபருக்கும் கலியாணம் பேசி நாளும் வைத்தாயிற்று. பெண்ணுக்கு வீடு கட்டி வைத்துத்தானே நாம் மாப்பிள்ளையைக் கூட்டிவருகிறோம். நான் கட்டிய வீட்டுக்குச் சுவர் இருந்தது, கதவு இருந்தது. மேலே வானம் இருந்தது. என் மனைவி ஹாஜறா தினமும் காலையில் அறைக்குள் போய் நின்று அண்ணாந்து பார்ப்பாள்.

"மாப்பிள்ள குடையோடயா படுக்கிற?" என்று கேட்பாள்.

தியேட்டர் முதலாளி ஸைனுலாப்தீன் ஹாஜியாருக்கும் அப்போது வேறு யோசனை.

"ஆள் வருதில்ல மீரா. இந்தப் படத்தோட மூடிப்போட்டு நெல் ஸ்டோர் ஆக்கப்போறன். பின்னுக்கு ஓடு அடுக்கியிரிக்கன், கண்டயா?"

கண்டேன். நல்ல ஓடு. மகளின் வீட்டைப் பற்றிச் சொன்னேன். ஹாஜியார் இரக்கமான மனிதர், கணக்கும் தெரிந்தவர். "சரி, இந்தப் படம் ஓடுற நாளெல்லாம் ஒரு அடுக்கு எடுத்துட்டுப் போ" என்றார். மூன்று நாளைக்கு மேல் போகாது என்று நினைத்திருப்பார்.

படத்தின் பெயர் 'கண்ணாடிக் கிணறு'. ஆறாம் ரீல் முடிகிறபோது கறுத்தக் கோட்டும் கையில் மோதிரமும் போட்ட வக்கீல் ஒருவர் கிணற்றுக்குள் விழுகிறார். எட்டாம் ரீலில் அதே முகத்தோடு ஒருவர் பெனியன் போட்டுக்கொண்டு அதே வீட்டில் மீன்கறி சாப்பிடுகிறார். வக்கீலின் மனைவி அவரை 'அண்ணா' என்கிறாள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஏழாம் ரீல்.

முதல் நாள் நடந்தது தவறுதான். ஏழாம் ரீலில் பிலிம் ஒட்டுகள் கழன்றிருந்ததால், ஆறாம் ரீல் முடிய பாங்கு கேட்டுச் சனம் தொழப் போன நேரத்தில் ஒட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. திரும்பச் சுற்ற உடம்பு வளையவில்லை, பஞ்சியாக இருந்தது. சிலைட்டை மறுபடி போட்டேன். தொழுதுவிட்டு வந்தவர்கள் 'இடைவேளை' என்று கண்டு திருப்தியோடு குந்தினார்கள். எட்டைப் போட்டேன்.

அன்று பின்னேரம் பஸ் நிலையத்தில் முதல் சண்டை.

"செத்தவன் எப்பிடிடா மீன்கறி தின்னுற?"

"ஆரு செத்த? பிரேதத்த நீ கண்டயா?"

"பொண்டாட்டி அண்ணா எண்டு கூப்புடுறாளே, விசரா!"

"ஒன்ட பொண்டாட்டி ஒன்ன எப்பிடிக் கூப்புடுற எண்டு நான் சொல்லட்டா?"

அடுத்த நாள் இரண்டு பேரும் சரிபார்க்க வந்தார்கள், சாட்சிக்கு ஆளுக்கு ஆறு பேரோடு. ஏழாம் ரீலை அதன் இடத்தில் போட்டிருக்கலாம். ஓட்டு அடுக்கை ஒருமுறை பார்த்தேன். அஸருக்கே போட்டேன். கவனியுங்கள், நான் அந்த ரீலை ஒளிக்கவில்லை. ஒரு நாளும் தவறாமல் ஓட்டினேன். பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஊர் இரண்டானது. செத்தான் கட்சி, தப்பினான் கட்சி. ஜெமீலின் தேத்தண்ணிக் கடையில் குந்துகிற வாங்குகளைக் கட்சிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துப் போட்டார்கள். செத்தான் கட்சிக்காரனின் மீசையைப் பாதி சிரைத்ததும், அவன் தப்பினான் என்று ஒத்துக்கொள்ளும் வரைக்கும் மறுபாதியைத் தொடமாட்டேன் என்றார் ஒரு நாவிதர். அவன் பாதி மீசையோடு பன்னிரண்டு நாள் திரிந்தான். இறக்காமத்திலிருந்து வயல் நிறைய உள்ள ஒரு போடியார் யானைக் காவலை விட்டுவிட்டு இருபது நாள் வந்தார். "யானை வேளாண்மயத்தான் தின்னுது. இந்தச் சந்தேகம் என்னயே தின்னுதே" என்றார். அந்தப் போகத்தில் யானைகள் தின்ற தீனிக்கு அடுத்த போகத்தில் அவற்றால் வாய்க்கால் தாண்ட முடியவில்லை. கரையில் நின்று பெருமூச்சு விட்டன. நானே போய்ப் பார்த்தேன்.

அஸர் நேரத்தில் மண்டபத்தில் யாருமே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். காரைதீவிலிருந்து தம்பிமுத்துவும் சீனித்தம்பியும் தினமும் வருவார்கள். ஒரே தோணியில் கடலுக்குப் போய் மதியத்துக்குள் கரைக்கு வந்துவிடுகிறவர்கள். அவர்களுக்குப் பாங்கு இல்லை, ஆகவே எழும்புவதில்லை. இந்தத் தியேட்டரில் இரண்டு இடைவேளை என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம். அவர்கள் ஏழாம் ரீலைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம்மவர்களும் சிலர் எழும்பவில்லை. பெயர் சொல்லமாட்டேன். அவர்களுக்கு ஏழாம் ரீல் முழுவதும் தெரியும். ஆனால் தெரியும் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அஸருக்கு எங்கே இருந்தாய் என்று கேள்வி வரும். ஆகவே கடையில் அவர்களும் கிணற்றுக்குள் என்ன நடந்திருக்கும் என்று மற்றவர்களைப் போலவே வியந்தார்கள். நன்றாக வியந்தார்கள்.

எழும்பாதவர்களில் ஒருவர் மூன்றாம் வரிசையில் காலை முன் கதிரையில் போட்டுக்கொண்டு கச்சான் கடலை தின்றார். மெசின் அறையின் ஓட்டையால் பார்த்தேன். என் மருமகனாக வரப்போகிறவர்.

நாற்பத்தோராம் நாள் அறைக்கு மேல் ஓடு முடிந்தது. விறாந்தைக்கு இல்லை. கலியாணத்துக்கு ஒரு கிழமை. பாதிக் கூரையோடு ஒரு வாப்பா ஊருக்கு முன்னால் நிற்கமுடியாது, இதை நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள். கலியாணம் தள்ளிப்போக வேண்டும். நான் தள்ளினால் என் மானம் போகும். மாப்பிள்ளை பக்கத்துப் பிழையால் தள்ளிப்போனால் அவருடைய மானம் போகும். அவருக்கு இருபத்தாறு வயது. மானம் திரும்ப வளருகிற வயது.

அன்று ஜெமீலின் கடையில் ஹாஜறாவின் காக்கா, என் மூத்த மச்சான் ஷரிபுதீன் மாஸ்டர் இருந்தார். செத்தான் கட்சித் தலைவர், ஐந்து நேரத் தொழுகைக்கும் முதல் சஃப், முன் வரிசை. நான் ஜவுபருக்குப் பக்கத்தில் போய்க் குந்தி, ஒரு தேத்தண்ணி சொல்லிவிட்டு, மெதுவாகக் கேட்டேன்.

"மகன், நான் மெசினப் பாக்கிறவன், படத்தப் பாக்கக் கிடைக்கிறல்ல. கிணத்துல விழுந்தவன் மறுகா வெளிய வரவே இல்லையாமே? மாஸ்டர் சொல்றாரு."

"ஆரு சொன்ன மாமா? கை வந்திச்சே. கிணத்துக் கட்டப் புடிச்சிட்டு ஒரு கை. மோதிரமும் இல்ல..."

மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் நாலு தரம் பாத்தன். நான் பாத்த படத்துல கை வரல்லயே. எப்ப வந்த?"

"இடைவேள..." என்று தொடங்கிய ஜவுபர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நாங்க பள்ளியில நிண்ட நேரம் நீ எங்க இருந்த?"

மாஸ்டர் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் என் பக்கம் திரும்பியிருப்பார். தொழாத மாப்பிள்ளை முன்னால் இருக்கும்போது ரீலைப் பற்றி யார் யோசிப்பார்கள்? பதினேழு பேர் ஜவுபரை ஏசினார்கள். அதில் பதினொரு பேரை நான் ஓட்டையால் கண்டிருக்கிறேன். அவர்கள்தான் மற்றவர்களைவிடக் கூடச் சத்தம் போட்டார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நேரத்துக்கு அது பொருத்தமாக இருந்தது.

தொழுகை சரிவரட்டும், பிறகு பார்ப்போம் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். கலியாணம் நின்றது. அடுத்த நாளிலிருந்து அஸருக்கு மண்டபத்தில் நம்மவர் ஒருவரும் மிஞ்சவில்லை. இந்தப் பள்ளிவாசலில் இடம் போதாமல் வெளியே பாய் விரித்தார்கள். படம் அறுபது நாள் ஓடியது. விறாந்தைக்கும் குசினிக்கும் ஓடு போட்டு, மிஞ்சியதில் கோழிக்கூட்டுக்கும் போட்டேன்.

நதீரா அழவில்லை. ஒரு நாள் புதுக் கூரையின் கீழ் நின்று, "வாப்பா, அந்தக் கேள்விய நீங்க ஏன் கேட்டீங்க?" என்றாள். படத்தில் ஒரு சந்தேகம் புள்ள என்றேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் என்னோடு கதைத்தாள், சோறு போட்டாச்சு, தண்ணி வெச்சாச்சு என்று மட்டும்.

எட்டாம் மாதம் அந்த வீட்டில்தான் கலியாணம் நடந்தது. ஜவுபர் அன்றிலிருந்து ஒரு வக்துத் தொழுகையும் விட்டதில்லை. இன்று நம் மரைக்காயர்மாரில் ஒருவர், அதோ தூணோரம் இருக்கிறார். மருமகன், தலையக் குனியாதீங்க. ஒங்களத் தொழுகையாளி ஆக்கின நன்மையில எனக்கும் ஒரு பங்கு எழுதியிரிக்கும்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். ஊரைப் பிரித்தது நான். யானைகளைக் கெடுத்தது நான். கலியாணத்தை நிறுத்தியது நான், தெரிந்து, யோசித்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு. ஏழாம் ரீலை அதன் இடத்தில் போட்டிருந்தால் இரண்டாம் நாளே ஊர் தெளிந்திருக்கும், சண்டை நின்றிருக்கும், தியேட்டர் மூடியிருக்கும், என் மகள் வானத்துக்குக் கீழே குடியிருந்திருப்பாள். எல்லாவற்றையும் அந்த ஒரு ரீலால் செய்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாங்கு சொல்கிறது. சத்தியம் செய்தபடியால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். தம்பிமுத்துவும் சீனித்தம்பியும் ஏழாம் ரீலை அறுபது நாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள்: மோதிரம் தண்ணீரில் கழன்றது, அவன் தப்பினான் என்கிறார் ஒருவர், மோதிரம் இல்லாதது வேறொருவனின் கை, அவன் செத்தான் என்கிறார் மற்றவர், இன்றுவரைக்கும் இரண்டு பேரும் ஒரே தோணியில் ஏறுவதில்லை.